‘கிராஷ்’ என்று தேடினால் ஏன் காண்டாமிருகம் வருகிறது?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு புகைப்படத் தொகுப்புக்காக ‘கிராஷ்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடியிருக்கிறார். நசுங்கிய கார், விழுந்த விமானம், நீல நிறக் கணினித் திரை, தலையில் கைவைத்து நிற்கும் பங்குத் தரகர், பாறையில் அறையும் அலை, டிரம்ஸ் தட்டு, கடைசியாக ஒரு காண்டாமிருகக் கூட்டம், எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழுந்திருக்கின்றன. இதில் எது நிஜமான ‘கிராஷ்’ படம், படத்தின் கீழே எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறார். தேடுபொறியின் கோளாறு பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், கிராஷ் என்பது படத்துக்குள் இருக்கிறதா, அதன் கீழே எழுதிய வரியில் இருக்கிறதா என்பதுதான் அவருடைய உண்மையான சந்தேகம் என்று நினைக்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்திப் படங்களின் காப்பகத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொல் போடுவது, விளக்க வரியைச் சரிபார்ப்பது, தவறானதைத் திருத்துவது, இவைதான் என் அன்றாடம். விபத்துகளைப் புலனாய்வு செய்பவன் அல்ல நான். ஒரு வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். அப்படி ஒரே ஒரு படத்தை வைத்து அடித்துச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் அது ஓசையிலிருந்து பிறந்த சொல். நம்முடைய படார், மடார், சடசட போன்ற வகை. நாம் அந்த ஓசைச் சொற்களை ஓசையாகவே வைத்துக்கொண்டோம், பங்குச் சந்தை ‘படார்’ ஆனது என்று எழுதுவதில்லை. ஆங்கிலம் அந்த ஓசையைப் பெயராகவும் வினையாகவும் ஆக்கி, சத்தத்தோடு எது உடைந்தாலும் அதற்குச் சூட்டியது. பிறகு சத்தமே இல்லாமல் உடைபவற்றுக்கும் சூட்டியது. அழையா விருந்தாளியாக ஒரு வீட்டுக்குள் நுழைவது, பட்டினி கிடந்து எடை குறைப்பது, ஒரு வாரத்தில் ஒரு மொழியைக் கற்பிக்கும் வகுப்பு, மருத்துவமனையில் உயிர்காக்கும் மருந்துகளோடு ஓடிவரும் தள்ளுவண்டி, எல்லாவற்றின் பெயரிலும் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காண்டாமிருகக் கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், ஆகவே தேடுபொறியின் மீது குற்றமில்லை. புத்தகக் கட்டுமானத்தில் முதுகுப் பகுதிக்கு ஒட்டும் முரட்டுத் துணி ஒன்றும் இதே பெயரில் வரும். அதற்கும் மோதலுக்கும் உறவில்லை. ரஷ்ய மொழியில் சாயம் தோய்த்த துணியைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பார்கள், உறுதி கிடையாது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு சொற்கள்.

தமிழில் தேடுகிறவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நம்மிடம் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. லாரி மோதுகிறது, விமானம் விழுந்து நொறுங்குகிறது, ரயில் தடம்புரள்கிறது, சந்தை சரிகிறது, கணினி முடங்குகிறது, அலை அறைகிறது. வினையைச் சொன்ன கணத்திலேயே என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. எங்கள் காப்பகத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம், குறிச்சொல் எழுதுமுன் முதலில் தமிழ் வினையை மனதில் சொல்லிப் பாருங்கள் என்பேன். வினை அகப்படவில்லை என்றால் படத்தில் என்ன இருக்கிறது என்பது இன்னும் புரியவில்லை என்று பொருள். செய்தித்துறைக்குப் பன்னாட்டுத் தரம் வகுக்கும் ஐபிடிசி அமைப்பின் பொருள்வகைப் பட்டியலும் வேறொரு வழியில் இதைத்தான் செய்கிறது. அங்கே ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் உண்டு. சொல் எந்த மொழியில் எத்தனை பொருள் தந்தாலும் எண் குழம்பாது.

நம் மொழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘மோதிய கார்’ என்று ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தால், அந்தக் கார் மோதியதா, அதன் மீது வேறொன்று மோதியதா? பெயரெச்சம் அதைச் சொல்வதில்லை. தலைப்புக்கு இடம் போதாமல் வேற்றுமை உருபுகளை உதிர்த்துவிட்டு ‘பஸ் மோதிய கார்’ என்று சுருக்கினால் குழப்பம் முற்றுகிறது. குற்றம் யார் மீது என்று வழக்கு நடக்கும் நேரத்தில் இந்த ஓர் எழுத்துச் சிக்கனம் விலை மிகுந்ததாகிவிடும். ஆங்கிலத்தில் இப்படி இரு பொருள்படும் தலைப்புகளுக்குப் பெயரே ‘கிராஷ் மலர்கள்’ என்பதுதான். 2009இல் வந்த ஒரு தலைப்பிலிருந்து பிறந்த பெயர் அது. 1985ஆம் ஆண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையை இழந்த ஒரு வயலின் கலைஞர் இசையில் மலர்கிறார் என்று சொல்ல வந்த தலைப்பில், விபத்து என்ற சொல்லும் மலர்கிறார் என்ற சொல்லும் அடுத்தடுத்து நின்று, மலர்கிறார், மலர்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம் என்பதால், ‘விபத்து மலர்கள்’ என ஏதோ ஒரு பூவின் பெயர்போலப் படித்தவர்களைத் திகைக்க வைத்தன.

‘விபத்து’ என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சொல்லில் விதியின் வாடை அடிக்கிறது, யாருக்கும் பொறுப்பில்லாத கெட்ட நேரம் என்பதுபோல. பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழ் 2001இல் ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்ப்பதாக அறிவித்தது. காயங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே கணிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் இரண்டு வண்டிகள் மோதியது கண்ணுக்குத் தெரியும்போது ‘மோதல்’ என்றே எழுதுவேன். விபத்தா, கவனக்குறைவா என்பதை விசாரிப்பவர்கள் சொல்லட்டும்.

இனி படங்களுக்கு வருகிறேன். ‘கிராஷ்’ படங்கள் என்று நாம் அறிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்த நிகழ்வே கிடையாது. பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் மூக்கைக் குத்தி நிற்கும் நீராவி எஞ்சினின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1895 அக்டோபர் 22 அன்று நடந்தது. ரயில் நிற்காமல் நிலைய மண்டபத்தைக் கடந்து, சுவரைத் துளைத்து, சுமார் 10 மீட்டர் கீழே விழுந்தது. ரயிலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், தெருவில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் மேலிருந்து விழுந்த கற்களால் இறந்தார். அந்தப் படம் ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது? எஞ்சின் அதே நிலையில் சில நாட்கள் அங்கேயே நின்றது. புகைப்படக்காரர்கள் நிதானமாக முக்காலியை ஊன்றி எடுத்தார்கள். நாம் அந்தப் படத்தில் ‘பார்க்கும்’ பாய்ச்சல் முழுவதும் நம் மனம் நடத்துவது.

1937 மே 6 அன்று நியூ ஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் எரிந்து விழுந்தபோது நிலைமை வேறு. தரையிறங்குவதைப் படமெடுக்கப் பல நிறுவனங்களின் கேமராக்கள் காத்திருந்தன. அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கப்பல் தரையைத் தொட்டுவிட்டது. கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் இருந்த பணியாளர் ஒருவரும் இறந்தார்கள். அத்தனை கேமராக்கள் இருந்தும் தீ பற்றிய முதல் கணம் ஒன்றிலும் பதிவாகவில்லை. தீ எப்படித் தொடங்கியது என்ற விவாதம் இன்றுவரை நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னை மிகவும் உலுக்கும் படம் 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் எடுக்கப்பட்டது. ஒரு போயிங் 727 விமானம் நகரத்தின் மேலே சிறிய செஸ்னா விமானம் ஒன்றோடு மோதியது. மாவட்ட நிர்வாகத்தின் புகைப்படக்காரர் ஹான்ஸ் வென்ட் அப்போது வேறொரு நிகழ்ச்சியைப் படமெடுக்கத் திறந்தவெளியில் நின்றிருந்தார். நிமிர்ந்து பார்த்து இரண்டு படங்கள் எடுத்தார். வலது இறக்கை எரிய, சாய்ந்தபடி இறங்கும் விமானம், அவ்வளவுதான். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் அன்று இறந்தார்கள். வானத்தில் மோதல் முடிந்துவிட்டது, தரையில் மோதுவதற்கு இன்னும் சில நொடிகள் இருக்கின்றன. இரண்டு மோதல்களுக்கு நடுவே இருக்கும் படம் அது, இரண்டில் எதுவும் அதில் இல்லை.

மேலே சொன்ன ஜப்பான் விமானத்தின் கதையிலும் ஒரு படம் உண்டு. 1985 ஆகஸ்ட் 12 அன்று, கட்டுப்பாட்டை இழந்தபின் சுமார் அரை மணி நேரம் பறந்த அந்த விமானத்தை ஒகுடாமா மலைப்பகுதியில் தரையிலிருந்த ஒருவர் படமெடுத்தார். வால்பகுதியில் செங்குத்தாக நிற்க வேண்டிய துடுப்பு அதில் காணவில்லை. 520 பேர் இறந்த, 4 பேர் மட்டும் பிழைத்த அந்த நிகழ்வைப் பற்றி, கலைநயம் எதுவும் இல்லாத மங்கலான அந்தப் படம் சொன்னதைப்போல நொறுங்கிய பாகங்களின் எந்தப் படமும் உடனடியாகச் சொல்லிவிடவில்லை. உங்கள் தொகுப்பில் இடம் குறைவென்றால் இதுபோன்ற ஒன்றைத்தான் சேர்க்கச் சொல்வேன்.

மோதும் கணமே படத்தில் தெளிவாக இருந்தால், அது ஏற்பாடு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். 1896 செப்டம்பர் 15 அன்று டெக்சாஸில் ஒரு ரயில் நிறுவனம் விளம்பரத்துக்காகவே இரண்டு ரயில்களை நேருக்கு நேர் மோதவிட்டது. சுமார் 40,000 பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். கொதிகலன்கள் வெடித்து, குறைந்தது 2 பேர் இறந்தார்கள். அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக வந்திருந்த ஜார்விஸ் டீன் பறந்துவந்த உலோகத் துண்டால் ஒரு கண்ணை இழந்தார். 1984 டிசம்பர் 1 அன்று நாசாவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் ஆளில்லாத போயிங் 720 ஒன்றைக் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் வேண்டுமென்றே இறக்கி நொறுக்கின. தீயைக் குறைக்கும் எரிபொருள் கலவையைச் சோதிப்பது நோக்கம், எழுந்ததோ பெரிய தீப்பந்து. விளக்கம் இல்லாமல் அந்தப் படங்களைப் பார்ப்பவர் எவரும் உள்ளே பயணிகள் இருந்தார்கள் என்றுதான் நினைப்பார்.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், சாலைப் பாதுகாப்புக் கட்டுரை ஒன்றுக்கு முன்புறம் நசுங்கிய காரின் படத்தைக் கொடுத்தேன். ‘நேற்று நடந்த விபத்தில்’ என்ற வரியோடு அச்சாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் கறுப்பு வட்டம் என்ன என்று ஒரே ஒரு கேள்வி. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். நான்காகப் பிரித்து மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வண்ணமிட்ட சிறு வட்டம். அதிவேகக் கேமராவில் அசைவை அளப்பதற்காகச் சோதனைக்கூடங்களில் ஒட்டுவது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, எங்கும் நிழல் விழாத வெளிச்சம், ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் கன்னத்தில் சாயப்பூச்சு. எங்கே இடித்தது என்று தெரிவதற்காக, மனிதருக்குப் பதிலாக உட்காரவைக்கும் சோதனைப் பொம்மையின் முகத்திலும் முழங்காலிலும் பூசுவார்கள். எல்லாம் கண்முன்னே இருந்தன. நான் படத்தைப் பார்க்காமல் ‘கிராஷ்’ என்ற குறிச்சொல்லைப் பார்த்திருக்கிறேன்.

உடைந்த வண்டியை வைத்து உயிர்ச்சேதத்தை ஊகிப்பதும் அதே வகைத் தவறு. ‘கார் அப்பளம்போல் நொறுங்கியது’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதும்போதே, உள்ளே இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். முன்புறம் நொறுங்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைய கார்களை அப்படிக் கட்டுகிறார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற யோசனை அது. மூக்கு மடங்கி மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும், பயணிகள் அமரும் கூடு மடங்காமல் நிற்கும். எனவே படத்தில் மூக்கைப் பார்க்காதீர்கள், கூட்டைப் பாருங்கள். கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்கள் நேராக நிற்கின்றனவா, கதவு சட்டத்தில் பொருந்துகிறதா என்று கவனியுங்கள். அதுவும் ஒரு குறிப்புத்தானே தவிர தீர்ப்பு ஆகாது. வரிசையாக மோதி நிற்கும் வண்டிகளின் படம் என்றால் லென்ஸையும் சந்தேகியுங்கள். தொலைநோக்கு லென்ஸ் இடைவெளிகளை விழுங்கிவிடும். ஐம்பது மீட்டருக்குப் பரவிக் கிடக்கும் வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதுபோலத் தெரியும்.

விசாரணைக்காக எடுக்கும் படங்கள் இதற்கெல்லாம் நேர்மாறானவை. பார்க்கச் சலிப்பூட்டும், அளவுகோலை அருகில் வைத்து எடுத்திருப்பார்கள். காவல்துறைப் புகைப்படக்காரர் ஒருவர் எனக்குக் காட்டிய படத்தில் இருந்தது ஒரு முகப்பு விளக்கு மட்டும். இழை எரியும் பழைய விளக்குகளில், மோதிய நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சூடேறி இளகிய இழை சுருள் கலைந்து நீண்டுவிடும். அணைந்திருந்தால் குளிர்ந்த இழை நெளியாமல் ஒடியும். எரியும்போதே கண்ணாடியும் உடைந்திருந்தால் இழையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். இரவில் விளக்கைப் போடாமல் வந்தானா இல்லையா என்பதற்கு ஒரு மில்லிமீட்டர் கம்பி சாட்சி. எல்இடி விளக்குகளில் இந்தச் சாட்சி கிடையாது.

இந்தத் துறையில் கலைஞர் என்று ஒருவரைச் சொல்வதானால் சுவிட்சர்லாந்தின் நிட்வால்டன் மாநிலக் காவலர் ஆர்னால்ட் ஓடர்மாட்டைச் சொல்வேன். 1948இல் பணியில் சேர்ந்து 1990இல் ஓய்வுபெற்றவர். அறிக்கைக்காக ஒரு படம் எடுப்பார். காயம்பட்டவர்களை அழைத்துச் சென்று, கூட்டம் கலைந்த பிறகு, தேவைப்பட்டால் காவல் வண்டியின் கூரைமீது ஏறி நின்று தனக்காக இன்னொன்று எடுப்பார். அந்த இரண்டாம் படங்கள் 2001இல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்குச் சென்றன. அவற்றில் அடிபட்டவர் ஒருவரும் இல்லை. ஏரியில் பாதி மூழ்கிய வோல்க்ஸ்வாகன், சாலையில் சுண்ணக்கட்டியால் வரைந்த கோடுகள், அமைதி. உங்கள் தொகுப்பில் இறந்தவர்களின் முகம் தெரியும் படங்கள் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் குடும்பத்துக்கு அது என்றைக்கும் பழைய படம் ஆகாது.

சந்தைச் சரிவுக்கும் கணினி முடக்கத்துக்கும் உடல் இல்லை, ஆகவே படமும் இல்லை. 1929 அக்டோபர் 28, 29 ஆகிய இரு நாட்களில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு முறையே சுமார் 13, 12 விழுக்காடு விழுந்தது. நமக்குக் கிடைத்திருப்பதோ வால் ஸ்ட்ரீட்டில் தொப்பி அணிந்து நிற்கும் மனிதர்களின் கூட்டம், எதுவும் உடையவில்லை. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 22.6 விழுக்காடு போனது. 2010 மே 6 அன்று சில நிமிடங்களில் கிட்டத்தட்ட 1000 புள்ளிகள் வரை விழுந்து, பெரும்பகுதி விரைவிலேயே மீண்டும் எழுந்துவிட்டது, கேமராவைத் திருப்பவே நேரமில்லை. இந்த இல்லாமையை நிரப்பத்தான் பத்திரிகைகள் முகங்களைத் தேடுகின்றன. நியூயார்க் பங்குச் சந்தைத் தரகர் பீட்டர் டக்மன், ஐன்ஸ்டைன் போன்ற வெள்ளைத் தலைமுடியாலும் முகபாவங்களாலும் சரிவுச் செய்திகளின் நிரந்தர முகமாகவே ஆகிவிட்டார். சந்தை ஏறிய நாட்களிலும் அவர் படம் வருகிறது. தலையில் கைவைத்த தரகரின் படத்தில் தேதி இல்லையென்றால் அது எந்தச் செய்திக்கும் சான்றாகாது.

கணினியில் ஒரு விதிவிலக்கு உண்டு. வன்தட்டின் படிப்புமுனை சுழலும் தட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இடைவெளியில் மிதக்கிறது. அது தட்டைத் தொட்டுவிட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பில் வட்டமாக ஒரு கீறல் விழும். அது நிஜமான மோதல், படமும் எடுக்கலாம். கணினி முடங்குவதற்கு இந்தப் பெயர் வந்ததே அதிலிருந்துதான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், அதை நான் பந்தயம் கட்டிச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் கணினி முடங்கும்போது காட்டும் நீலத் திரையின் படங்கள் வேறு வகை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. அன்று விமான நிலையங்களில் எடுத்த படங்களில் நீலத் திரைகளின் கீழே பெட்டி படுக்கையோடு மனிதர்கள் காத்திருக்கிறார்கள். திரை முடங்கியதைச் சொல்கிறது, ஏன் என்பதை மனிதர்களும் திரையும் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் தொகுப்புக்கு: ஆங்கிலச் சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் அதன் தமிழ் வினையை எழுதுங்கள். படக் கோப்பின் உள்ளே எடுத்த தேதிக்கும் விளக்கத்துக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு, பதிவேற்றிய தேதியை எடுத்த தேதி என்று எண்ணி ஏமாறாதீர்கள். மோதலுக்கு முன்பா, பின்பா, ஏற்பாடு செய்ததா என்று ஒரு சொல் சேருங்கள். அலையையும் டிரம்ஸ் தட்டையும் தாராளமாக வையுங்கள், அந்தச் சொல் பிறந்த ஓசை அவற்றில்தான் இன்னும் இருக்கிறது. காண்டாமிருகத்தை நான் எடுத்துவிடுவேன். நீங்கள் வைத்தாலும் சண்டைக்கு வரமாட்டேன்.